மழைக்காரரின் பெயர்

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே பிரிகிற ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் வீட்டில் மாக்ரெட் என்று ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றிச் சொல்ல அந்த ஒழுங்கையில் யாரிடமும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. கோயில் பாட்டுக் குழுவில் அவள் குரல் கேட்டதில்லை. யாருடனும் ஓடிப் போனதில்லை. யாரோடும் சண்டை பிடித்ததுமில்லை, அதனால் அவளை நினைத்துப் பார்க்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. கடதாசிப் பை ஒட்டினாள், அவ்வளவுதான். முப்பதுகளில் கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கடையில் நீங்கள் பருப்பு வாங்கி, அது ஓர் இங்கிலீசுக் கதையின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்துக்குள் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தால், அந்தப் பையின் அடியை மடித்து அழுத்திய பெருவிரல் அநேகமாக அவளுடையது.

தகப்பன் துறைமுகத்தில் ஒரு சின்னக் கிளாக்கர். அவர் இருக்கும்வரை மாக்ரெட் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படித்தாள், கெட்டிக்காரி என்று பெயரும் எடுத்தாள். அவளுக்குப் பதினாறு வயதாகும்போது அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். சவப்பெட்டியை மூடும் நேரத்தில் வந்திருந்தவர்கள் எல்லோரும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் அழவில்லை. அழ வேண்டிய இடங்களில் அவளுக்குக் கண் வேலை செய்வதில்லை, விரல்கள்தான் மரத்துப் போகும். இது வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிக்கொண்டு கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதத்தோடு பள்ளிக்கூடம் நின்றது. தாயும் மகளும் பை ஒட்ட உட்கார்ந்தார்கள்.

கடதாசி கொண்டுவந்து போட்டவர் மக்கீன். மருதானையில் பழைய கடதாசிக் கடை வைத்திருந்த மனிதர், வெள்ளைச் சாரமும் கறுத்தத் தொப்பியுமாக ரிக்சாவில் மூட்டையோடு வந்து இறங்குவார். பழைய கடதாசி என்றால் பேப்பர் மட்டுமல்ல. கோட்டையில் துரைமாரின் கிளப்புகள், கப்பல்களில் இருந்த சின்னச் சின்ன லைப்ரரிகள், ஊருக்குத் திரும்பிப் போகிற தோட்டத்துரைமாரின் பங்களாக்கள், இங்கெல்லாம் வேண்டாமென்று ஒதுக்கிய புத்தகங்களும் நிறுவையில் அவரிடம் வந்தன. ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முத்திரையும் பெயர்களும் இருந்த முன் தாள்களைக் கிழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், பிறகு எவனாவது அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து கதை அளக்கக்கூடாது என்று. அட்டை பைக்கு உதவாது. ஆகவே மக்கீனின் கடையில் அட்டையையும் முதுகுத் துணியையும் உரித்துத் தள்ளிவிடுவார்கள். இப்படியாக மாக்ரெட்டின் பாயில் வந்து விழும்போது புத்தகத்துக்கு முகம் இராது. பல புத்தகங்களில் பக்கத்தின் மேலே இலக்கம் மட்டும்தான் இருந்தது. சிலவற்றில் அத்தியாயத்தின் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர் எதிலும் இல்லை.

"இந்தா ஈக்கிது புள்ள, நல்ல சாமான்," என்பார் மக்கீன். "மடிப்பு வெட்டாதது. தாள் பெரிசா வரும்."

மடிப்பு வெட்டாத புத்தகம் என்பது அச்சுக்கூடத்தில் மடித்தபடியே ஓரம் வெட்டாமல் வந்த புத்தகம். வாங்கியவர் வாசிக்க வாசிக்கக் கத்தியால் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே போக வேண்டும். கிழிக்காமல் இருந்தால் வாங்கியவர் வாசிக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட புத்தகத்தை விரித்தால் பெரிய தாளாக வரும், இரண்டு இறாத்தல் சீனிக்குப் பை செய்யலாம். கொழும்பில் இருந்த படித்த மனிதர்களின் புண்ணியத்தில் பெரிய பைகளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை.

பசையைக் காய்ச்சி இறக்கினால் அது ஆற வேண்டும். சூட்டோடு ஒட்டினால் தாள் நெளியும். பூச்சி வராமலிருக்கத் துருசு என்கிற நீலக் கல்லும் போட்டிருப்பார்கள், அது கரைய வேண்டும். ஒரு மணித்தியாலம் சும்மா இருக்க வேண்டிய நேரம் அது. தாய் செபமாலை சொல்லுவாள். மாக்ரெட் அன்றைக்கு ஒட்டப்போகிற தாள்களை எடுத்து வாசிப்பாள். ஒருநாள் கூடத் தவறியதில்லை. வாசித்து முடித்து, ஒட்ட மனம் வராத புத்தகங்களைக் கட்டிலுக்குக் கீழே தகரப் பெட்டிக்குள் போட்டு வைத்தாள். மக்கீன் கண்டும் காணாதவர் போல இருந்துவிட்டார்.

ஆண்டுகள் போகப் பெட்டிக்குள் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. பெயர் இல்லாதவர்களோடு எத்தனை நாள்தான் பழகுவது? அவளே பெயர் வைத்தாள். எந்தச் சிக்கலையும் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து அவிழ்த்துவிடுகிற ஒருத்தி 'கடிதக்காரி'. ஒரு சாப்பாட்டு மேசையை விவரிக்க நாலு பக்கம் எடுக்கிறவர் 'இழுவைக்காரர்'. எல்லோரையும்விட அவளுக்குப் பிடித்தவர் 'மழைக்காரர்'. அவருடைய மூன்று புத்தகங்கள் பெட்டியில் இருந்தன. ஒன்று கப்பலிலிருந்து வந்தது, ஒன்று தோட்டத்துப் பங்களாவிலிருந்து, மற்றது எங்கிருந்தோ. அளவு வேறு, எழுத்து வேறு, வந்து சேர்ந்த ஆண்டும் வேறு. ஆனாலும் மூன்றும் ஒரே கை என்று மாக்ரெட் முடிவு கட்டியிருந்தாள். கதையின் தொடக்கத்திலேயே மழை பெய்யும் என்பது மட்டும் அதற்குக் காரணமில்லை. அந்த மனிதர் யாருடைய மனதில் என்ன இருக்கிறது என்று ஓரிடத்திலும் சொல்லவே மாட்டார். அந்த நேரத்தில் அவர்களுடைய கை என்ன செய்துகொண்டிருந்தது என்று மட்டும் சொல்லுவார். தகப்பனின் சவப்பெட்டியை மூடிய நாளில் தன்னை யாராவது பார்க்க வேண்டிய மாதிரிப் பார்த்திருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த மூன்றில் ஒன்று தோணிக்காரியின் கதை. ஆற்றில் தோணி விடுகிறவன் செத்துப் போகிறான். வேலை போய்விடும் என்று மனைவி அதை யாருக்கும் சொல்லாமல், அவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு இருட்டிலும் பனியிலும் தானே தோணி விடுகிறாள். அக்கரையிலிருந்து ஆட்கள் புருஷனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவள் போகிறாள். கடைசியில் என்ன நடந்தது என்று மாக்ரெட்டுக்குத் தெரியாது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் வரும்போதே இல்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு கப்பலில் யாரோ சுருட்டுப் பற்ற வைத்திருப்பான்.

முப்பத்தேழாம் ஆண்டு, அவளுக்கு இருபத்தெட்டு வயதாக இருந்தபோது, பை ஒட்ட வந்த பேப்பர் ஒன்றில் ஒரு விளம்பரம் இருந்தது. பேப்பர் மூன்று கிழமைப் பழசு, விளம்பரத்துக்கு இன்னும் ஐந்து நாள் உயிர் இருந்தது. வெள்ளவத்தையில் ஒரு வாசிகசாலைக்கு, பெண்கள் பகுதியைப் பார்த்துக்கொள்ள, இங்கிலீசு தெரிந்த பெண் உதவியாளர் தேவை. மாக்ரெட் அந்தத் தாளை மட்டும் ஒட்டாமல் எடுத்து வைத்தாள். அவளுக்கு அதற்கு முன்னும் பின்னும் வாழ்க்கையில் எதுவும் இவ்வளவு வேண்டுமென்று இருந்ததில்லை. அட்டை இருக்கிற, முதல் பக்கம் இருக்கிற, கடைசிப் பக்கமும் இருக்கிற புத்தகங்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி. அதில் தான் உட்கார்ந்திருப்பதை அவள் கண்ணால் கண்டாள்.

"வெள்ளவத்தையோ? அங்க முழுக்க யாழ்ப்பாணத்து ஆக்கள். எங்கட கொட்டாஞ்சேனை ஆக்களை எடுப்பினமோ?" என்றாள் தாய்.

"கேட்டுத்தான் பாப்பமே, அம்மா."

வரச் சொல்லிக் கடிதம் வந்தது. நகங்களில் ஏறியிருந்த துருசு நீலத்தைத் தேசிக்காய்ப் பாதியால் தேய் தேய் என்று தேய்த்துப் போக்கினாள். கோயிலுக்கு உடுக்கிற வெள்ளைச் சீலையை உடுத்தாள். கோட்டையில் ரயிலேறி, கடலோரமாகப் போய், வெள்ளவத்தையில் இறங்கினாள்.

வாசிகசாலை, காலி வீதியிலிருந்து கடலுக்குப் போகிற ஒரு குறுக்குத் தெருவில் மாடி வீடு ஒன்றின் கீழ்த் தளத்தில் இருந்தது. நீள மேசைக்கு அப்பால் இருந்தவர் தலைவர் சிவபாதசுந்தரம். காணிக் கந்தோரில் பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை டிரில் கோட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி. பக்கத்தில் காரியதரிசி யோகநாதன், இன்னும் உத்தியோகத்தில் இருக்கிற இளம் ஆள். அவர்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலுமாரி பூட்டியபடி நின்றது. அதற்குள் நீல அட்டைப் புத்தகங்கள், ஒரே அளவில், வரிசை வரிசையாக. தூரத்திலிருந்து முதுகிலிருந்த தங்க எழுத்தை வாசிக்க முடியவில்லை.

சிவபாதசுந்தரம் கெட்ட மனிதரல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவரிடம் ஒரு முறை இருந்தது. ஓர் ஆள் பண்புள்ளவரா இல்லையா என்று அறிய, பெரிய எழுத்தாளர் ஒருவரின் பெயரை மெல்லச் சொல்லிவிட்டு, கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார். தெரிந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமாம். வராவிட்டால் ஆளை அனுப்பிவிடலாமாம். முப்பது வருஷம் காணிக் கந்தோரில் கிளாக்கர்மாரை அவர் இப்படித்தான் தெரிவு செய்தார், காணி அளக்கிறதுக்கு நாவலாசிரியர் எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

"எட்வின் ட்ரெஸ்கொட்," என்றார், ஒவ்வோர் எழுத்தாக.

மாக்ரெட் காத்திருந்தாள். கேள்வி இன்னும் முடியவில்லை என்று நினைத்தாள்.

"ட்ரெஸ்கொட்டைத் தெரியுமோ உமக்கு?"

"பேர் தெரியாது ஐயா."

"மிஸ் அமிலியா கார்ன்வித்?"

"தெரியாது ஐயா."

"லூயிஸ் ஹார்ப்மன்?"

"தெரியாது ஐயா."

ஆறு பெயர் சொன்னார். ஆறும் இங்கிலீசுப் பெயர். ஒரு தமிழ்ப் புலவரின் பெயரைக்கூட அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை, அந்தக் காலத்துப் பண்பாடு அப்படி. ஆறுக்கும் மாக்ரெட்டின் முகத்தில் ஒரு வெளிச்சமும் வரவில்லை. வெளிச்சம் வருகிற முகமும் அல்ல அது.

யோகநாதனுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "அப்ப என்னதான் வாசிப்பீங்கள்?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் பேசியதில்லை. தன் புத்தகங்களுக்கு முன்பக்கம் இல்லை என்றும், எழுதியவர்களுக்குத் தானே பெயர் வைத்திருப்பதாகவும், மழைக்காரர் என்று ஒருவர் இருக்கிறார் என்றும், அவர் எழுதிய தோணிக்காரியின் கதையில் இப்படி இப்படி நடக்கிறது என்றும் சொன்னாள். சொல்லும்போது அவளுடைய வலது கை மேசை ஓரத்தைப் பையின் அடியை அழுத்துகிற மாதிரி அழுத்திக்கொண்டிருந்தது.

"மழைக்காரர்!" என்றார் சிவபாதசுந்தரம். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சரி, உந்தத் தோணிக்காரிக்குக் கடைசியில என்ன நடந்தது?"

"தெரியாது ஐயா. கடைசிப் பக்கங்கள் இல்லை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். யோகநாதன் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார். அவளை வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார்கள். கதவு அரைவாசி திறந்தே கிடந்தது.

"ஐயா, அந்தப் பிள்ளை எங்கட மெம்பர்மாரை விடக் கூட வாசிச்சிருக்குப் போல," என்றது யோகநாதனின் குரல். "பேரைப் பிறகு சொல்லிக் குடுக்கலாம்தானே. ஒரு கிழமை போதும்."

"யோகநாதன், நீர் ஒரு வீட்டுக்குப் பத்து வருஷம் போய் வாறீர். வீட்டுக்காரர் ஆரெண்டு கேட்டால் தெரியாது எண்டு சொல்லுவீரோ? சொன்னால் உம்மை என்னெண்டு நினைப்பினம்?"

"அது வேற, ஐயா."

"வேறயில்லை. பேர் தெரியாமல் வாசிக்கிறது வாசிப்பில்லை, மேய்ச்சல். நாளைக்கு ஒரு லேடி வந்து ட்ரெஸ்கொட் எடுத்துத் தாரும் எண்டால் இந்தப் பிள்ளை என்ன செய்யும்? மழையைத் தேடிக்கொண்டு நிக்குமோ? உது ஏதோ பெட்டிக்கடைக் கதை, தோணியும் கோட்டும்."

மாக்ரெட் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தாள். சொல்வதில் பாதி சரி என்றே அவளுக்குப் பட்டது, அதுதான் வருத்தம். பெயர் தெரிந்திருந்தால் மழைக்காரரின் நாலாவது புத்தகம் எங்கே இருக்கிறது என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். தோணிக்காரியின் கடைசிப் பக்கங்களையும் தேடிப் பிடித்திருக்கலாம். பெயர் இல்லாமல் மக்கீனின் மூட்டையைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். திரும்பி வரும் ரயிலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. விரல்கள் மரத்திருந்தன. கடல் பக்கத்து யன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் கடலைப் பார்க்கவில்லை.

வேலை இல்லை என்று கடிதம் ஒழுங்காக வந்தது, யோகநாதன் கையெழுத்து. நல்ல தடித்த தாள். தாய் அதைப் பைக்கு எடுக்கலாமா என்று கேட்டாள். எடுங்கோ என்றாள் மாக்ரெட்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பசை ஆறுகிற நேரத்தில் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. தாளை எடுப்பாள், எழுத்துகள் தெரியும், உள்ளே போகாது. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். தகரப் பெட்டி கட்டிலுக்குக் கீழே அப்படியே கிடந்தது, கரையான் வந்து கடிதக்காரியைத் தின்றது. தாய் ஒருநாள், "இப்ப உனக்கு ஒண்டிலயும் விருப்பமில்லையோ, பிள்ள?" என்று கேட்டாள். அப்படியொன்றும் இல்லை என்றாள் மாக்ரெட். அது உண்மையும்தான். விருப்பமின்மைக்கும் ஒரு தெம்பு வேண்டும், அவளிடம் அதுவும் இருக்கவில்லை.

நாற்பத்திரண்டாம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்று, ஆட்கள் பூசைக்குப் போய் வந்த நேரத்தில், ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். அடுத்த கிழமையே நகரம் காலியாகத் தொடங்கியது. வெள்ளவத்தைக்காரர் பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாண ரயிலில் ஏறினார்கள். மாக்ரெட்டின் தாய் சிலாபத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். மாக்ரெட் போகவில்லை. பயம் வரும் என்று இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள், வரவில்லை.

மக்கீனின் கடையில் வேலை செய்த ஆட்களும் ஓடிவிட்டார்கள். அவர் வந்து கூப்பிட்டார். "புள்ள, கடைக்கு வந்து செய்யேலுமா? ஆமிக்காரன் கட்டிடங்களை எடுக்கிறான், உள்ளுக்கு ஈக்கிற புத்தகமெல்லாம் என்ட தலையில வந்து கொட்டுது. அட்டை உரிக்கக்கூட ஆளில்ல." அவள் மருதானைக்குப் போய்வரத் தொடங்கினாள். இப்போது அட்டையை உரிப்பதும் அவள்தான், ஒட்டுவதும் அவள்தான்.

ஒரு வியாழக்கிழமை காலையில் நீல அட்டைகள் வந்தன. ஒரே அளவு, முதுகில் தங்க எழுத்து. முப்பத்தைந்து புத்தகம் இருக்கும். அவள் பார்த்தவுடனேயே அடையாளம் கண்டுகொண்டாள். வாசிகசாலைக் கட்டிடத்தை ஆமி எடுத்துக்கொண்டதாம், அலுமாரியைப் படைவீரர் தங்களுடைய தட்டுமுட்டுக்கு வைத்துக்கொண்டார்களாம். முத்திரைப் பக்கத்தைக் கிழிக்க அங்கே யாரும் மிஞ்சவில்லை. பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக முழு முகத்தோடு புத்தகங்கள் அவளிடம் வந்தன.

மூன்று பேருடைய நூல் வரிசைகள் அவை. ட்ரெஸ்கொட் பன்னிரண்டு. மற்ற இரண்டு பேரும் அந்த ஆறு பெயரில் இருந்தவர்கள்தான். அவள் ட்ரெஸ்கொட்டின் முதல் புத்தகத்தைத் திறந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டாவதைத் திறந்தாள். அதிலும் மழை. மூன்றாவதிலிருந்து மடிப்பு வெட்டியிருக்கவில்லை, பை வெட்டுகிற கத்தியால் கிழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஏழாவது புத்தகத்தில் ஒரு பெண் செத்தவனின் கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பெட்டியிலிருந்த மற்ற இரண்டு கதைகளும் இந்தப் பன்னிரண்டுக்குள்ளேயே இருந்தன. கப்பலிலிருந்து வந்ததும், பங்களாவிலிருந்து வந்ததும், எங்கிருந்தோ வந்ததும் மூன்றும் இவருடையவை. அவள் சொன்னது சரி. ஒரே கை. அன்றைக்கு அந்த மேசையில் அவள் ட்ரெஸ்கொட்டைப் பற்றித்தான் மூச்சு விடாமல் கதைத்திருக்கிறாள், ட்ரெஸ்கொட்டைத் தெரியாது என்று அவளை அனுப்பிவிட்டார்கள். கேட்டவர் அந்தப் புத்தகத்தின் மடிப்பைக் கூட வெட்டவில்லை.

ஏழாம் புத்தகத்தின் கடைசி மடிப்பைக் கிழித்து மாக்ரெட் முடிவை வாசித்தாள். யாரும் தோணிக்காரியைக் கண்டுபிடிக்கவில்லை. அக்கரையிலிருந்து யாரோ புருஷனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். அவள் எழுந்து, துடுப்பை எடுத்து, போகிறாள். அவ்வளவுதான் கதை.

சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். அழுகையாவது வருமென்று பார்த்தாள். விரல்கள் மரத்தன. பிறகு அவள் முப்பத்தைந்தினதும் அட்டைகளை உரித்தாள், பெயர் இருந்த பக்கங்களைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள், அன்றைய வேலைக்கு முதலாவதாக ஏழாம் புத்தகத்தை எடுத்துத் தையலைப் பிரித்து ஒட்டத் தொடங்கினாள். கோபம் என்று சொல்லலாம்தான், ஆனால் கோபத்துக்குச் சூடு வேண்டும். தாள் பெரிதாக வந்தது. நல்ல பைகள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரிக்சா ஒன்று கடை வாசலில் நின்றது. இறங்கியவர் சிவபாதசுந்தரம். மெலிந்திருந்தார், டிரில் கோட்டு தோளில் தொங்கியது. மறுநாள் யாழ்ப்பாணம் போகிறாராம். ட்ரெஸ்கொட்டின் வரிசை அவருடைய சொந்தப் பணத்தில் லண்டனிலிருந்து வருவித்ததாம், அது தவறிப்போய் இங்கே வந்துவிட்டதாம், அதை மட்டும் கொண்டுபோக வேண்டுமாம். மாக்ரெட்டை அவர் பார்த்தார். கையில் பசையும் தலையில் கட்டிய துண்டுமாக இருந்தவளை அவருக்குத் தெரியவில்லை.

"அந்தா ஈக்கிது ஐயா," என்று மக்கீன் மூலையைக் காட்டினார். "அட்டையெல்லாம் உரிச்சாச்சு. எடுங்க."

முப்பத்துநாலு புத்தகம், முகமில்லாமல், ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரே அளவு, ஒரே எழுத்து. சிவபாதசுந்தரம் குனிந்து ஒன்றை எடுத்தார். நடுவில் திறந்து அரைப் பக்கம் வாசித்தார். வைத்தார். இன்னொன்றை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு அரைப் பக்கம் வாசித்தார். மாக்ரெட் ஒட்டுவதை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு வெளிச்சமும் வரவில்லை.

"உது ட்ரெஸ்கொட்டோ?" என்று மக்கீனிடம் நீட்டினார்.

"ஐயா, எனக்குக் கடதாசி தெரியும். எழுதின மனிசரத் தெரியா."

அவர் மூன்றாவதை எடுத்தார், பிறகு அதையும் வைத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார். வயதானவர், வெக்கையில் வியர்த்து வழிந்தது. யாழ்ப்பாணத்துக்கு எதையாவது கொண்டுபோக வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது. அவர் மீது மாக்ரெட்டுக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், இல்லை. ஆனால் எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு குவியலுக்குப் பக்கத்தில் குந்தினாள். ஒவ்வொன்றாக எடுத்து, எங்காவது திறந்து, இரண்டு வரி பார்த்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தாள். முதல் பக்கத்தைப் பார்க்கக்கூட இல்லை. ரிக்சாக்காரன் ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம். அவர் காலடியில் ஓர் அடுக்கு நின்றது.

"இவ்வளவும் அவர்தான் ஐயா. பதினொண்டு."

"பன்னிரண்டு இருக்கவேணுமே."

"ஒண்டு பையாப் போச்சுது. காலமை நான் ஒட்டிப்போட்டன்."

"பரவாயில்லை, பரவாயில்லை," என்றார். எது என்று கேட்கவில்லை. குனிந்து ஒன்றைத் திறந்து முதல் பக்கத்தை வாசித்தார், உதடு அசைந்தது. "நீர் எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?"

"அவர் ஆக்களின்ட மனசைச் சொல்ல மாட்டார் ஐயா. கை என்ன செய்யுது எண்டுதான் சொல்லுவார்."

சிவபாதசுந்தரம் புத்தகத்தை மூடினார். அவருக்கு உண்மையாகவே மனம் இளகிவிட்டது. "இவ்வளவு தெரிஞ்ச பிள்ளை, ஏன் உந்தப் பசைக்குள்ள கிடக்கிறீர்? ஏதாவதொரு வாசிகசாலையில வேலை கேட்டிருக்கலாமே."

"கேட்டனான் ஐயா."

"என்ன சொன்னவை?"

"வேலை இல்லை எண்டவை."

"விசரன்கள்!" என்றார். "இப்பிடியொரு பிள்ளையை... ஆர் அவை? எந்த இடம்? பேரைச் சொல்லும். எனக்கு ஆக்களைத் தெரியும், நான் எழுதுறன்."

மாக்ரெட் அவரைப் பார்த்தாள். தங்க விளிம்புக் கண்ணாடி, டிரில் கோட்டு, நெற்றியில் வழிந்த திருநீறு. நாக்கு நுனியில் அந்தப் பெயர் முழுதாக இருந்தது. சொன்னால் அவர் என்ன ஆவார் என்று யோசித்தாள். சொல்லாவிட்டால் தனக்கு என்ன ஆகும் என்றும் யோசித்தாள். இரண்டும் அவளுக்கு ஒன்றாகவே பட்டன.

"பேர் தெரியாது ஐயா," என்றாள்.

"பாத்தீரோ, அதுதான் பிழை," என்றார் அவர், அன்பாகவே. "பேர்களைக் கவனிச்சு வைக்கவேணும், பிள்ளை."

பதினொரு புத்தகத்தையும் கயிற்றால் கட்டி ரிக்சாவில் ஏற்றிக்கொண்டு அவர் போனார். பசை ஆறிப் பதமாகியிருந்தது. மாக்ரெட் உட்கார்ந்து அடுத்த தாளை எடுத்தாள்.